ஒருவர் வாங்கிய ஓவியங்கள், ஊரே பார்க்கும் கண்காட்சி

2016 அக்டோபரில் பாரிஸ் நகரின் மேற்கு ஓரத்தில், புலோன் காட்டுப் பகுதியில் இருக்கும் லூயி வித்தோன் அறக்கட்டளையின் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு கண்காட்சி தொடங்கியது. அடுத்த மார்ச்சில் முடிவதற்குள் 12 லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்துவிட்டார்கள். மோனே, செசான், கொகேன், மத்தீஸ், பிக்காசோ என்று பெரிய பெயர்கள் எல்லாம் சுவரில் இருந்தன. ஆனால் கண்காட்சியின் தலைப்பில் இருந்தது அவர்களில் ஒருவருடைய பெயரும் அல்ல. செர்கேய் ஷூகின் என்ற மாஸ்கோ துணி வியாபாரியின் பெயர். அவர் ஓவியர் இல்லை, விமர்சகரும் இல்லை. அந்தப் படங்களை விலை கொடுத்து வாங்கியவர், அவ்வளவுதான்.

இப்படித் தனி மனிதர் ஒருவர் சேர்த்துவைத்த ஓவியங்களை ஓர் அருங்காட்சியகம் மொத்தமாக எடுத்துக் காட்டுவதைத்தான் தனியார் சேகரிப்புக் கண்காட்சி என்கிறோம். ஐரோப்பிய நவீன ஓவியத்தைப் பொறுத்தவரை கூட்டம் அலைமோதும் கண்காட்சிகளில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஓவியம் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று தயங்குகிறவர்கள்கூட இதைத் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். எதைக் கவனிப்பது என்று மட்டும் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

வழக்கமான கண்காட்சி வேறு மாதிரி. மத்தீஸின் கண்காட்சி என்றால் அவர் இளம் வயதில் வரைந்ததிலிருந்து கடைசிக் காலம் வரை எல்லாக் கட்டமும் இருக்க வேண்டும் என்று அதை அமைக்கும் நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள். இல்லாததை நாலு நாட்டிலிருந்து இரவல் வாங்கி நிரப்புவார்கள். பார்க்க வருகிறவருக்கு ஒழுங்கான ஒரு பாடம் கிடைக்கும். சேகரிப்பாளர் பாடம் நடத்துவதற்காக வாங்கியவர் இல்லை. தன் வீட்டுச் சுவருக்கு, தன் பைக்குத் தகுந்தபடி, அன்றைக்குக் கடையில் கிடைத்ததில் பிடித்ததை எடுத்தார். அதனால் ஒருவர் படம் 16 இருக்கும், அவருக்குச் சமமான இன்னொருவர் படம் ஒன்றுகூட இருக்காது. இந்த ஏற்றத்தாழ்வைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் இந்த வகைக் கண்காட்சியின் சுவாரஸ்யமே. அங்கே சுவரில் தொங்குவது ஒரு மனிதரின் தேர்வு.

எந்தக் காலம், ஏன் தனியார் கையில்?

இங்கே நவீனம் என்பது இன்று நேற்று வரைந்ததைக் குறிக்காது. ஏறத்தாழ 1860கள் தொடங்கி இரண்டாம் உலகப் போர் வரையிலான காலத்தைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். மனே, மோனே, ரெனுவார் காலத்தில் தொடங்கி, செசான், வான் கோ, கொகேன் வழியாக மத்தீஸ், பிக்காசோ வரை வரும் பாதை அது.

அந்தப் படங்களில் இவ்வளவு ஏன் தனியாட்கள் கையில் சேர்ந்தன? அரசு வேண்டாம் என்றது, அதனால்தான். 19ஆம் நூற்றாண்டு பாரிஸில் ஓவியர் பெயரெடுக்க வேண்டுமானால் சலோன் என்ற அதிகாரபூர்வக் கண்காட்சியில் இடம் பிடிக்க வேண்டும். அதன் தேர்வுக் குழு புதுப் பாணிக்காரர்களைத் திருப்பித் திருப்பி அனுப்பியது. 1863இல் நிராகரிக்கப்பட்டவர்களுக்கென்றே தனிக் கண்காட்சி வைக்க வேண்டிய அளவுக்குப் புகார்கள் குவிந்தன. 1874இல் மோனே, ரெனுவார், பிசாரோ, தெகா முதலானோர் சலோனை நம்பாமல் தாங்களே ஒரு கண்காட்சி போட்டார்கள். அங்கே மோனே வைத்திருந்த ‘இம்ப்ரஷன், சூரியோதயம்’ என்ற படத்தின் தலைப்பைக் கிண்டல் செய்து பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதியதிலிருந்துதான் இவர்களுடைய பாணிக்கு இம்ப்ரஷனிசம் என்ற பெயரே நிலைத்தது.

அரசின் மனநிலை எப்படி இருந்தது என்பதற்குக் கையிபோத்தின் உயில் நல்ல உதாரணம். குஸ்தாவ் கையிபோத் வசதியான குடும்பத்து ஓவியர். தன் நண்பர்களான மோனே, ரெனுவார், பிசாரோ, செசான் ஆகியோரின் படங்களைக் காசு கொடுத்து வாங்கி, அவர்கள் கஷ்ட காலத்தில் கைகொடுத்தவர். 1894இல் அவர் இறந்தபோது அறுபதுக்கும் மேற்பட்ட படங்களை பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். இலவசம். அப்படியும் அரசு இழுத்தடித்து, பேரம் பேசி, கடைசியில் சுமார் 40 படங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. இன்று அவற்றைப் பார்க்க பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் வரிசையில் நிற்கிறார்கள்.

ஆக, இந்த ஓவியர்களுக்கு வழியாக இருந்தவர்கள் ஓவிய வியாபாரிகள்: துரான்-ரூவெல், வொலார், பிறகு பிக்காசோவுக்குக் கான்வைலர். அவர்கள் கடைக்கு வந்து வாங்கியவர்கள் புதுப் பணக்காரர்கள். ஷூகின் துணி வியாபாரி. அவருடைய மாஸ்கோ போட்டியாளர் இவான் மொரோசோவ் பஞ்சாலை முதலாளி. லண்டனின் சாமுவேல் கோர்ட்டோல்டுக்குச் செயற்கைப் பட்டு ஆலை. துணித் தொழிலில் இருந்தவர்களுக்கு நிறத்தில் கண் பழகியிருக்கும் என்று இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. அன்று பணம் துணியில் இருந்தது என்ற விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது.

ஷூகின் வீட்டுச் சுவர்

சரி, ஒரு தேர்வை எப்படிப் படிப்பது? ஷூகினையே எடுத்துக்கொள்வோம். 1854இல் பிறந்தவர். மாஸ்கோவில் கிரெம்ளினுக்குச் சற்றுத் தள்ளி, த்ருபெத்ஸ்கோய் அரண்மனை என்று பெயர் பெற்ற மாளிகையில் வாழ்ந்தவர். 1890களின் கடைசியில் மோனே படங்களை வாங்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். அடுத்த சில ஆண்டுகளில் 13 மோனேக்கள் சேர்ந்தன. அப்புறம் மோனே நின்றுவிடுகிறார். செசான் வருகிறார், வான் கோ வருகிறார், கொகேன் மொத்தமாக வருகிறார். பிறகு அவர்களும் நின்று மத்தீஸ், அதற்குப் பிறகு பிக்காசோ. முதல் உலகப் போர் 1914இல் எல்லைகளை மூடும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் முந்தையவரைவிடக் கடினமான, அன்றைய கண்ணுக்கு இன்னும் அசிங்கமான ஓவியரிடம் அவர் போய்க்கொண்டிருந்தார். கடைசிக் கணக்கில் மத்தீஸ் 37க்கு மேல், பிக்காசோ சுமார் 50.

கண்காட்சியில் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நடக்கும்போது இந்தப் பயணம் கண்ணுக்கே தெரியும். ஓவிய வரலாற்றுப் புத்தகம் எழுதிய வரிசை என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வரிசை பின்னால் வந்தது. ஷூகின் வாங்கியபோது மத்தீஸ் பெரிய ஆள் ஆவாரா என்று யாருக்கும் தெரியாது.

பிடித்துப்போன உடனே வாங்கினார் என்றும் சொல்ல முடியாது. தாஹித்தித் தீவில் கொகேன் வரைந்த படங்களை முதலில் வாங்கியபோது, வந்தவர்களுக்குக் காட்டவே கூசினார் என்று அந்தக் காலத்து மாஸ்கோக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் அதே கொகேன்கள் 16 சேர்ந்து, சாப்பாட்டு அறைச் சுவரில் இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் மேலும் கீழுமாக மாட்டப்பட்டன. ரஷ்யத் தேவாலயங்களில் பலிபீடத்துக்கு முன்னால் புனிதர் படங்களை அடுக்கடுக்காக வைத்த ஒரு தடுப்பு இருக்கும். பார்த்தவர்களுக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

மத்தீஸ் விஷயத்தில் ஷூகின் வாங்குகிறவர் என்ற இடத்தையும் தாண்டினார். 1909இல் தன் மாளிகையின் மாடிப்படிச் சுவர்களுக்காக இரண்டு பெரிய படங்களை வரையச் சொன்னார். அப்படிப் பிறந்தவைதான் ‘நடனம்’, ‘இசை’. நடனத்தில் ஐந்து பேர் கைகோத்துச் சுழல்கிறார்கள். சிவப்பு உடல்கள், பச்சைத் தரை, நீல வானம், வேறு எதுவும் இல்லை. ஏறக்குறைய 4 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல் உயரம். 1910 இலையுதிர் காலத்தில் பாரிஸில் வைத்தபோது கூட்டம் சிரித்தது, பத்திரிகைகள் திட்டின. பாரிஸுக்கு வந்து பார்த்த ஷூகினே தடுமாறிவிட்டார். வீட்டில் வளர்ப்புப் பெண் குழந்தைகள் இருக்கிறார்கள், நிர்வாண உருவங்களைப் படிக்கட்டில் எப்படி மாட்டுவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். ஊர் போய்ச் சேர்வதற்குள் மனம் மாறி, படங்களை அனுப்பச் சொல்லித் தகவல் கொடுத்தார். இசை படத்தில் குழல் வாசிக்கும் பையனின் உருவத்தில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் செய்யவைத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

அந்த ரயில் பயணம்தான் எனக்கு ஷூகினைப் பிடிக்கக் காரணம். எல்லோரும் சிரிக்கிறார்கள், தனக்கும் உறுதி இல்லை. ஆனாலும் விட மனம் வரவில்லை. சேகரிப்பாளர்களைப் பற்றிப் பேசும்போது தீர்க்கதரிசி, கழுகுக்கண் என்றெல்லாம் கண்காட்சிச் சுவரில் எழுதிவைப்பார்கள். உண்மையில் நடந்தது பெரும்பாலும் இந்தத் தடுமாற்றம்தான். போதாக்குறைக்கு அந்த ஆண்டுகளில் அவர் வீட்டில் சாவு மேல் சாவு. இளைய மகன், மனைவி, தம்பி, இன்னொரு மகன் என்று 1905 முதல் 1910க்குள் நால்வரைப் பறிகொடுத்தார். அவருடைய மிகத் துணிச்சலான கொள்முதல்கள் நடந்தது இந்த ஆண்டுகளில்தான் என்பதை, அறைக்கு அறை நடக்கும்போது படங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தேதிகளை வைத்தே கண்டுகொள்ளலாம்.

1907இல் மனைவி இறந்தபோதே சேகரிப்பை மாஸ்கோவின் த்ரெத்யாகோவ் காட்சியகத்துக்கு உயில் எழுதியிருந்தார். சில காலம் கழித்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார், தானே படங்களைச் சுற்றிக் காட்டினார். மாலெவிச், தாத்லின் போன்ற இளம் ரஷ்ய ஓவியர்கள் பிக்காசோவையும் மத்தீஸையும் நேரில் பார்த்தது அங்கேதான். பாரிஸ் அருங்காட்சியகங்களில்கூட அன்று அப்படி ஓர் அறை கிடையாது. 1911இல் மத்தீஸே மாஸ்கோவுக்கு வந்து, தன் படங்களை எங்கே எப்படி மாட்டுவது என்று திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

புரட்சிக்குப் பிறகு 1918இல் லெனின் கையெழுத்திட்ட ஆணையால் சேகரிப்பு அரசுடைமை ஆனது. ஷூகின் நாட்டைவிட்டு வெளியேறினார். 1936இல் பாரிஸில் இறந்தார். மொரோசோவின் சேகரிப்புக்கும் இதே கதிதான். இரண்டையும் சேர்த்து மாஸ்கோவில் ஒரு நவீன மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம் நடத்தினார்கள். பணத்தட்டுப்பாட்டில் சில படங்களை விற்றார்கள். வான் கோவின் ‘இரவு விடுதி’ இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருப்பது அப்படித்தான். அது மொரோசோவ் வாங்கியது. 1948இல் ஸ்டாலினின் ஆணைப்படி அந்த அருங்காட்சியகமே கலைக்கப்பட்டது. முதலாளித்துவக் கலை, மக்களுக்கு ஆகாது என்றார்கள். படங்கள் மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்துக்கும் லெனின்கிராதின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்துக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டு, பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்தன. ஸ்டாலின் இறந்த பிறகுதான் மெல்ல மெல்லச் சுவருக்கு வந்தன.

ஒரு மனிதர் சேர்த்தது இரண்டு ஊராகப் பிரிந்து கிடக்கும்போது அவருடைய தேர்வு கண்ணுக்குத் தெரியாது. ஹெர்மிட்டாஜில் பார்த்தால் நல்ல மத்தீஸ்கள் இருக்கின்றன என்று தோன்றும், அத்தோடு சரி. 2016இல் சுமார் 130 படங்களை பாரிஸில் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தபோதுதான் அது ஒருவர் கட்டியது என்பது புலப்பட்டது. நடனமும் இசையும் மட்டும் வரவில்லை. அந்த அளவுள்ள பழைய கேன்வாஸைப் பயணம் அனுப்புவது ஆபத்து. இப்படி வராமல் போன படங்களையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் எந்தச் சேகரிப்புக் கண்காட்சியையும் பார்க்க வேண்டும்.

மாட்டும் விதத்திலும் ஆள் தெரியும்

மொரோசோவ் ஷூகினுக்கு நேர் எதிர். பதற்றமே இல்லாத மனிதர். ஓர் ஓவியரின் எந்தக் காலகட்டத்துப் படம் தன்னிடம் இல்லை என்று யோசித்து, அதற்காகச் சுவரில் இடம் காலியாக விட்டுக் காத்திருப்பார். செசானின் நீலம் மிகுந்த ஒரு படத்துக்காக அப்படி ஓர் இடம் நெடுநாள் காலியாகவே இருந்தது என்று அவர் வீட்டுக்குப் போனவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கடைசியில் தகுந்த படம் வந்து அதை நிரப்பியது.

சுவர் அமைப்பில் எல்லோரையும் மிஞ்சியவர் அமெரிக்காவின் ஆல்பர்ட் பார்ன்ஸ். பிலடெல்பியாவில் எளிய குடும்பத்தில் பிறந்து, மருத்துவம் படித்து, வெள்ளி கலந்த ஒரு கிருமிநாசினி மருந்தை விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர். 1912இல் தன் பள்ளித் தோழரான ஓவியர் ஒருவரிடம் 20,000 டாலரைக் கொடுத்து பாரிஸுக்கு அனுப்பி முதல் தொகுதியை வாங்கினார். பிறகு தானே களத்தில் இறங்கினார். கடைசியில் அவரிடம் இருந்தவை: ரெனுவார் 181, செசான் 69, மத்தீஸ் 59. ஒரு தனி மனிதர் 69 செசான்களை வைத்திருந்தார் என்பதை ஓவியம் தெரிந்தவர்களிடம் சொல்லிப் பாருங்கள், ஒரு கணம் பேச்சு வராது.

1923இல் தன் படங்களில் சிலவற்றைப் பிலடெல்பியாவில் காட்சிக்கு வைத்தபோது உள்ளூர்ப் பத்திரிகைகள் கேலி செய்தன. பார்ன்ஸ் அதை மறக்கவே இல்லை. புறநகரில் படங்களை வைத்திருந்த தன் கட்டடத்தை ஒரு கல்வி நிலையமாகப் பதிவுசெய்து, தொழிலாளர்களையும் மாணவர்களையும் உள்ளே விட்டார். பெரிய மனிதர்களும் விமர்சகர்களும் அனுமதி கேட்டு எழுதினால் மறுத்தார். சில மறுப்புக் கடிதங்கள் அவருடைய நாயின் பெயரில் போயின.

உள்ளே அவர் படங்களைக் காலவரிசையிலோ ஓவியர் வாரியாகவோ மாட்டவில்லை. நடுவில் ஒரு செசான், இரு பக்கமும் ரெனுவார், இடையில் பழைய இரும்புக் கீல், பூட்டு, சாவித்துவாரத் தகடு, கீழே ஒரு மரப்பெட்டி. கீலின் வளைவும் ரெனுவார் வரைந்த பெண்ணின் தோள் வளைவும் ஒன்றுபோல் இருப்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தில் பெயர் அட்டை கிடையாது. யார் வரைந்தது என்று தெரிந்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவோம் என்று அவருக்குப் பயம். முதல் முறை பார்ப்பவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் பொறுத்தால் கண் தானாகவே ஒப்பிடத் தொடங்கிவிடும். பெயர் தெரியாத ஆரம்பநிலைப் பார்வையாளருக்கும் பேராசிரியருக்கும் அந்த அறையில் ஒரே அந்தஸ்து.

எந்தப் படத்தையும் நகர்த்தக் கூடாது, இரவல் தரக் கூடாது என்று அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதிவைத்துவிட்டு 1951இல் கார் விபத்தில் பார்ன்ஸ் இறந்தார். பிறகு அறக்கட்டளைக்குப் பணக் கஷ்டம் வந்தது. நீண்ட நீதிமன்றச் சண்டைக்குப் பிறகு 2012இல் சேகரிப்பு புறநகரிலிருந்து நகரின் நடுவே புதுக் கட்டடத்துக்கு வந்தது. ஆனால் அறைகளின் அளவு, கீல்கள், படங்களின் இடம் எல்லாம் பழையபடியே. செத்தவர் வார்த்தையை மீறியது தவறு என்று இன்றும் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். படங்களை இப்போது நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்பதால் நான் அந்தக் கட்சியில் இல்லை.

சின்ன அட்டையும் பெரிய கேள்வியும்

மற்ற அருங்காட்சியகங்களில் படத்துக்குப் பக்கத்தில் சின்ன அட்டை இருக்கும். ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் என்பதோடு பலர் நகர்ந்துவிடுவார்கள். கடைசி வரியை விடாதீர்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி, யார் எதைக் கொடுத்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். இன்னாரின் நன்கொடை என்றால் படம் இப்போது அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். நீண்டகால இரவல் என்றால் உடைமை இன்னும் குடும்பத்திடமோ அறக்கட்டளையிடமோ இருக்கிறது, நாளை திரும்பிப் போகலாம். வெறுமனே தனியார் சேகரிப்பு என்றிருந்தால் உரிமையாளர் தன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. மத்தீஸ் நடனத்தின் முதல் வடிவம் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை நெல்சன் ராக்கெஃபெல்லர் கொடுத்தார் என்பதோடு, அந்த அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஆல்பிரட் பாரைக் கௌரவித்துக் கொடுத்தார் என்பதும் அந்த வரியில் உண்டு.

யாரிடமிருந்து யாரிடம் கைமாறியது என்ற முழு வரலாறு இன்னும் முக்கியம். காரணம் 1933க்கும் 1945க்கும் இடைப்பட்ட காலம். நாஜிகள் ஐரோப்பிய யூதர்களிடமிருந்து பறித்தவையும், உயிர் பிழைக்க அவர்களே அடிமாட்டு விலைக்கு விற்றவையும் ஏராளம். அவை வியாபாரிகள் வழியாகப் பல சேகரிப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 1998இல் 44 நாடுகள் வாஷிங்டனில் கூடி, இப்படிப்பட்ட படங்களைக் கண்டுபிடித்து நியாயமான தீர்வு காண வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. சட்டக் கட்டாயம் இல்லாத ஒப்புதல்தான். ஆனாலும் அதற்குப் பிறகு எந்த அருங்காட்சியகமும் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை.

இதற்கு சூரிக் நகரத்தைப் பார்க்க வேண்டும். எமில் பூர்லே ஆயுத உற்பத்தியாளர். அவருடைய ஆர்லிகான் ஆலையின் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைப் போர்க்காலத்தில் ஹிட்லரின் ஜெர்மனி வாங்கிக் குவித்தது. அந்தப் பணத்தில் அவர் செசான், மனே, வான் கோ, ரெனுவார் என்று வாங்கினார். அவற்றில் 13 படங்கள் கொள்ளைப் பொருள் என்று போருக்குப் பிறகு சுவிஸ் நீதிமன்றம் முடிவுசெய்து, உரியவர்களிடம் திருப்பித் தரச் சொன்னது. பூர்லே திருப்பித் தந்தார். அப்புறம் அவற்றில் ஒன்பதை அதே உரிமையாளர்களிடமிருந்து மறுபடி விலைக்கு வாங்கினார்.

2021இல் அவருடைய அறக்கட்டளையின் படங்கள் சூரிக் கலை அருங்காட்சியகத்தின் புதிய கட்டடத்தில் நீண்டகால இரவலாக இடம் பிடித்தபோது பெரிய சர்ச்சை வெடித்தது. படங்களின் அழகை யாரும் மறுக்கவில்லை. பீரங்கி விற்ற பணத்தைப் பற்றியும் பழைய உரிமையாளர்களைப் பற்றியும் போதுமான அளவு சொல்லவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. 2023இல் காட்சி மாற்றி அமைக்கப்பட்டது. 2024இல் ஒரு சுயாதீன ஆய்வின் அறிக்கை வரவிருந்த நேரத்தில் ஐந்து படங்கள் சுவரிலிருந்து இறக்கப்பட்டன. சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழர்களில் பலருக்கு இந்த அருங்காட்சியகம் ஒரு டிராம் பயணத் தூரம்தான். ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்.

அங்கே இருக்கும் ஒரு படம் இந்த விஷயம் முழுவதையும் சொல்லிவிடும். 1880இல் ரெனுவார் வரைந்த இரேன் கான் தான்வேர் என்ற எட்டு வயதுப் பெண்ணின் உருவம். பாரிஸ் யூத வங்கியாளர் ஒருவரின் மகள். நீல உடை, முதுகில் வழியும் செம்பொன் நிறக் கூந்தல், பின்னால் இலைகள். அஞ்சலட்டைகளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் பின்னாளில் இரேனின் மகள் பெயாத்ரிஸிடம் இருந்தது. நாஜிகள் அதைப் பறித்தார்கள், அது ஹிட்லருக்கு அடுத்த நிலையில் இருந்த கோரிங்கின் கைக்குப் போனது. பெயாத்ரிஸும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பிறகு, 70 வயதைத் தாண்டிய இரேனிடமே படம் திரும்பி வந்தது. 1949இல் அவர் அதை விற்றார். வாங்கியவர் பூர்லே. சட்டப்படி இதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஜெர்மனிக்குப் பீரங்கி விற்றவரின் பெயரில் அந்தக் குழந்தையின் படம் தொங்குவதைப் பார்ப்பவர் இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதுதான் முறை. அழகான படம் என்ற எண்ணம் அதனால் குறைந்துவிடப்போவதில்லை. கூடவே வேறொன்றும் சேர்ந்துகொள்ளும்.

அருங்காட்சியகத்துக்கு என்ன லாபம்?

இருபுறமும் லாபம் உண்டு. இந்தப் படங்களை இன்றைய ஏல விலையில் வாங்கும் சக்தி பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு இல்லை. எனவே இரவலாக வந்தாலும் சரி என்கிறார்கள். சேகரிப்பாளருக்கோ குடும்பத்துக்கோ பெயர் கிடைக்கிறது, பாதுகாப்புச் செலவு மிச்சமாகிறது, காட்டப்பட்ட படத்துக்குச் சந்தையில் மதிப்பும் ஏறுகிறது. படங்களை விற்கப்போகும் ஒருவரின் சேகரிப்பை அரசுப் பணத்தில் காட்டுவது சரியா என்று விமர்சகர்கள் கேட்பது இதனால்தான். நியாயமான கேள்வி.

சில நேரம் இரவல் சொந்தமாகவும் மாறும். தொழிலதிபர்களான தீசன்-போர்னெமிசா குடும்பத்தின் படங்கள் 1992இல் மாட்ரிடில் இரவலாகவே காட்சிக்கு வந்தன. அடுத்த ஆண்டே ஸ்பெயின் அரசு அவற்றில் 775ஐ 35 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. நெதர்லாந்தின் ஹெலன் க்ரொலர்-முல்லர், வான் கோவின் சுமார் 90 ஓவியங்கள் உட்படத் தன் சேகரிப்பை 1935இல் நாட்டுக்கே கொடுத்தார், அதற்கென்று ஓர் அருங்காட்சியகம் கட்டித்தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அது 1938இல் ஓட்டர்லோவில் திறந்தது. கோர்ட்டோல்ட் வழி இன்னொன்று. தன் வீட்டுக்கு வாங்கியது போக, 1923இல் 50,000 பவுண்டு நிதியைத் தனியாகக் கொடுத்து, பிரிட்டனின் பொதுச் சேகரிப்புக்கு நவீன பிரெஞ்சுப் படங்களை வாங்கவைத்தார். லண்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கும் வான் கோவின் சூரியகாந்திப் பூக்கள் 1924இல் அந்த நிதியில் வந்தவை.

எல்லை தாண்டி வரும் படங்களுக்கு அரசியலும் உண்டு. 1993இல் பாரிஸின் பொம்பிதூ மையத்தில் மத்தீஸ் கண்காட்சிக்கு ரஷ்யாவிலிருந்து படங்கள் வந்தபோது, அவை தன் அப்பாவுடையவை என்று ஷூகினின் மகள் வழக்குப் போட்டார். வழக்கு நிற்கவில்லை. ஆனால் வெளிநாட்டு அரசுகள் இரவல் தரும் கலைப்பொருள்களை பிரான்சில் யாரும் பறிமுதல் செய்ய முடியாதபடி அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் 2016 கண்காட்சியே நடந்திருக்காது. 2021இல் லூயி வித்தோன் அறக்கட்டளையின் அதே கட்டடத்தில் மொரோசோவ் சேகரிப்பும் காட்சிக்கு வந்தது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, 2022 பிப்ரவரியில், ரஷ்யா உக்ரைனுக்குள் படையனுப்பியது. படங்கள் திரும்புமா என்று இரண்டு மாதம் பதற்றம். பெரும்பாலானவை ரஷ்யா போய்ச் சேர்ந்தன. ஓரிரண்டு மட்டும் உரிமையாளர் மேல் தடை, உக்ரைன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம் என்ற காரணங்களால் பிரான்சிலேயே தங்கின.

ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போக வாய்ப்பில்லாதவர்கள் பார்ன்ஸ் அறக்கட்டளையின் இணையதளத்திலிருந்து தொடங்கலாம். அங்கே ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பார்ப்பதோடு, ஒரு சுவர் முழுவதையும் அவர் மாட்டிய விதத்திலேயே கீலும் பூட்டுமாகப் பார்க்க முடியும். ஒரு சுவரைத் திறந்துவைத்துக்கொண்டு, பெயர்களைப் பார்க்காமல், அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இந்தப் படத்தை ஏன் மாட்டினார் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் நிறத்தைத் தேடுங்கள், அதுதான் சீக்கிரம் அகப்படும். அப்புறம் கீல்களின் வளைவு.